பெட்டி வாங்குறதுக்கு முன்னாடி: ராமநாதபுரம் கடற்கரையில தேனீயை எப்படிக் காப்பாத்துறது

நம்ம பக்கம் தேனீன்னு பேச்செடுத்தாலே அடுத்த கேள்வி "பெட்டி எங்க கிடைக்கும், மாசம் எத்தனை கிலோ தேன் எடுக்கலாம்"தான். கேக்குறது தப்பில்ல. ஆனா மண்டபத்துலேருந்து கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி வரைக்கும், அங்கிட்டு தேவிபட்டினம், தொண்டி வரைக்கும் யாரும் பெட்டி வைக்காமலேயே தேனீ இருக்கு. கருவைப் புதர்ல இருக்கு, பழைய வீட்டுச் செவத்துல இருக்கு, பனங்காட்டுல இருக்கு, தண்ணி டேங்க்குக்கு அடியில தொங்குது. இதுகளுக்கு வருசம் பூரா பூ கிடைக்கணும், குடிக்கத் தண்ணி கிடைக்கணும், நாம அடிக்கிற மருந்துல சாகாம இருக்கணும். அதை முதல்ல பாருங்க, பெட்டியை அப்புறம் பாத்துக்கலாம். இந்த வரிசையை மாத்திப் பண்ணினா வாங்குன பெட்டி ஆறு மாசத்துல காலியாத்தான் கிடக்கும்.

தேனீ அழிஞ்சா மனுசனும் 4 வருசத்துல அழிஞ்சிருவான்னு ஐன்ஸ்டீன் சொன்னதா வாட்ஸப்ல சுத்திக்கிட்டே இருக்கும், அவர் அப்படிச் சொன்னதுக்கு ஆதாரமே கிடையாது. நெல்லு தன் மகரந்தத்துலயே மணி பிடிச்சிரும், சோளம் கம்புக்குக் காத்து போதும். அதனால சோறு இல்லாம போயிராது, சோத்துக்குத் தொட்டுக்குற வெஞ்சனம்தான் போயிரும். பூசணி, சுரை, பீர்க்கு, வெள்ளரி, தர்பூசணி இதுலயெல்லாம் ஆண் பூ வேற பொண் பூ வேற, ஒண்ணுலேருந்து இன்னொண்ணுக்கு மகரந்தத்தைத் தூக்கிட்டுப் போக ஆள் வேணும். கொத்தமல்லி, எள்ளு, முருங்கை, தென்னை எல்லாத்துலயும் பூச்சி வந்து போனா காய்ப்பு கூடும். உலகத்துல முக்கியமான உணவுப் பயிர்கள்ல நாலுல மூணு பங்கு ஓரளவுக்காவது இந்த மாதிரி உயிர்களை நம்பித்தான் இருக்கு.

மொளகாக் காரங்களுக்கு இதைத் தனியாச் சொல்லணும். ராமநாதபுரம் முண்டு மொளகாய்க்கு 2023ல புவிசார் குறியீடு கிடைச்சிருக்கு, குண்டா தடிச்ச தோலோட இருக்குறதுதான் அதுக்குப் பேரு. மொளகாச் செடி தானாவும் காய்க்கும், ஆனா தேனீ புரண்டு போன பூவுல விதை நெறையப் பிடிக்கும், காய் திரட்சியா வரும். வத்தலை எடை போட்டுத்தானே விக்கிறோம், அப்ப அந்தப் பூவுல ஒரு நிமிசம் உக்காந்துட்டுப் போற பூச்சிக்கும் நம்ம மூட்டை எடைக்கும் சம்பந்தம் இருக்கு.

நம்மகிட்ட இருக்குறது எந்தெந்தத் தேனீ

காப்பாத்தணும்னா முதல்ல அடையாளம் தெரியணும். பெருசா, பாறையிலயும் ஒசந்த மரத்துலயும் மேல்நிலைத் தொட்டியிலயும் ஒரே ஒரு பெரிய அடையாத் தொங்குறது மலைத்தேனீ. கோவக்காரது, ஆனா வருசம் பூரா ஒரே இடத்துல இருக்காது, பூ இருக்குற சீசன்ல வந்துட்டு கிளம்பிரும். மரப்பொந்து, செவத்து இடுக்கு, கவுந்த பானைன்னு இருட்டான எடத்துல வரிசையா அடுக்கடுக்கா அடை கட்டுறது இந்தியத் தேனீ, அடுக்குத்தேனீன்னும் சொல்லுவாங்க, பெட்டியில வளக்குறது இதைத்தான். செவத்து ஓட்டையில கொசு மாதிரி கருப்பா பொடியா போயிட்டு வந்துக்கிட்டு இருக்குமே, ஓட்டை வாயில மெழுகும் பிசினும் சேத்து சின்னக் குழாய் வச்சிருக்கும், அது கொசுத்தேனீ. கொட்டாது. பழைய மண்சுவரையும் சுண்ணாம்புச் சுவரையும் சிமெண்ட் வச்சுப் பூசும்போது முதல்ல போறது இதோட வீடுதான். அந்த ஒரு ஓட்டையை மட்டும் விட்டுட்டுப் பூசச் சொல்லுங்க, கொத்தனார் சிரிப்பார், பரவாயில்ல.

நாலாவது கொம்புத்தேனீ, எனக்கு ரொம்பப் பிடிச்சது. கருவையிலயும் உடை மரத்துலயும் எலுமிச்சையிலயும் ஒரு ஒத்தைக் கொம்பைச் சுத்தி உள்ளங்கை அகலத்துக்கு ஒரே ஒரு அடை. அடை கண்ணுக்கே தெரியாது, மேல தேனீங்களே ஒண்ணு மேல ஒண்ணா திரை போட்ட மாதிரி மூடிக்கிட்டு இருக்கும், வெயிலுக்கும் மழைக்கும் அதுங்க ஒடம்புதான் கூரை. கிட்டக்கப் போய் அடை தொங்குற கொம்பை மட்டும் பாருங்க. அடைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கொம்பைச் சுத்தி ஒரு வளையம் மாதிரி பளபளன்னு பிசின் பூசியிருக்கும். எறும்பு எங்கிட்டிருந்து வந்தாலும் அந்தப் பிசின்ல கால் ஒட்டிக்கும், தாண்டி வர முடியாது. காஞ்சுபோனா புதுசா பூசும். தூசி படிஞ்ச வளையத்துக்கு மேல ஈரமா புது வளையம் இருந்துச்சுன்னா அந்தக் கூட்டம் நல்லா இருக்குன்னு அர்த்தம். இதை ஒரு தடவை பாத்துட்டா அந்தக் கொம்பை வெட்ட உங்களுக்கு மனசு வராது.

பசங்க இந்தக் கொம்போட ஒடிச்சு அடையைப் பிழிஞ்சு ஒரு டம்ளர் கூட வராத தேனுக்காக முழுக் கூட்டத்தையும் கொன்னுடுறாங்க. அதுல தேன் இருக்குறது கொம்பை ஒட்டி மேல இருக்குற தடிச்ச பகுதியில மட்டும்தான், கீழ இருக்குறதெல்லாம் முட்டையும் புழுவும். அதனால பசங்களுக்குச் சொல்லிக்குடுங்க, சும்மா "கொட்டிரும் போகாதே"ன்னு மெரட்டாம அந்தப் பிசின் வளையத்தைக் காட்டிச் சொல்லுங்க.

பூ இல்லாத மாசம் எது

எல்லாரும் செடி வைக்கிறாங்க, எந்த மாசத்துக்கு வைக்கணும்னு யோசிக்கிறதில்ல. நம்ம பக்கம் ஐப்பசி கார்த்திகை மழைக்கு அப்புறம் தும்பை, பொட்டல்ல முளைக்கிற சின்னச் சின்னக் களைப்பூ எல்லாம் வந்துரும், அப்படியே மார்கழி தைக்கு கொத்தமல்லிக் காடு வெள்ளையாப் பூத்து நிக்கும், மொளகாயும் பூக்க ஆரம்பிச்சிருக்கும். மாசி பங்குனியில பனம்பாளை, எள்ளு, முருங்கை. பங்குனி சித்திரையில வேம்பும் புங்கையும், அந்த நேரம் வேப்ப மரத்தடியில நின்னா மேல மோட்டார் ஓடுற மாதிரி சத்தம் கேக்கும். அதுக்கப்புறம் புளி. இது வரைக்கும் தேனீக்கு நல்ல காலம்.

வைகாசி கடைசியில கச்சான், அதான் தென்மேற்குக் காத்து, கிளம்பிச்சுன்னா கதை மாறுது. ஆவணி வரைக்கும் மணலை வாரி அடிக்கிற காத்து, தரை காஞ்சு கிடக்கும், பூவும் கொறச்சல், இருக்குற பூவைத் தேடிப் பறக்கவும் முடியாது. இந்தியத் தேனீ பொதுவா கூட்டுலேருந்து 1 கிலோமீட்டர் சுத்து வட்டாரத்துலதான் மேயும், கொசுத்தேனீ அதை விடக் கிட்டக்க. அந்த வட்டாரத்துல ஒண்ணும் இல்லன்னா கூட்டத்தோட இடத்தைக் காலி பண்ணிட்டுப் போயிரும், இல்லன்னா மெலிஞ்சு போய் மெழுகுப் புழு விழுந்து அழிஞ்சிரும். அதனால நீங்க வைக்கிற செடி ஆனி, ஆடி, ஆவணியில பூக்குறதா இருந்தா அதோட மதிப்பே வேற.

அந்த மாசத்துக்குத் துளசியும் திருநீத்துப்பச்சையும்தான் என் முதல் சாய்ஸ். பாத்திரம் கழுவுற தண்ணி போற வழியில ஒரு வரிசை வச்சிட்டா போதும், தனியாத் தண்ணி ஊத்த வேணாம். ஒரு விஷயம், பூக்கதிர் வந்த உடனே கிள்ளி எறிஞ்சிராதீங்க, பூஜைக்குப் பறிக்கிற செடி தனி, தேனீக்கு விடுற செடி தனின்னு வச்சுக்கோங்க. கொல்லையில ஒரு முருங்கை, ஒரு நொச்சி, கிணத்தடியில சுரையோ பீர்க்கோ ஒரு பந்தல். தென்னைக்கு மாசா மாசம் பாளை வெடிக்கிறதால ஏதாவது ஒரு மரத்துல எப்பவும் மகரந்தம் இருக்கும், உச்சிப்புளி தங்கச்சிமடம் பக்கம் தேனீ தாக்குப்பிடிக்கிறதுக்கு அந்தத் தோப்புங்களும் ஒரு காரணம்.

மரம்னா உப்புக்காத்துக்குத் தாங்குறதா பாருங்க. புன்னை, பூவரசு, புங்கை, வேம்பு, இலந்தை, நாவல் இதெல்லாம் நம்ம தரைக்குப் பழகுனது. இலந்தை புரட்டாசி வாக்குல பூக்கும்போது பூ இருக்குறதே தெரியாது, பச்சையா பொடியா இருக்கும், ஆனா தேனீ ஈ எல்லாம் மொய்க்கும். நர்சரியில கிடைக்கிற அடுக்கு ரோஸ், அடுக்குச் செம்பருத்தி இதெல்லாம் பாக்க அழகு, இதழ் மேல இதழா இருக்குறதால தேனீக்கு உள்ள போக வழியும் இல்ல, பெருசா சாப்பாடும் இல்ல. ஒத்தை இதழ் பூவா வாங்குங்க. கடற்கரை மணல்ல படர்ந்து கிடக்குற அடப்பங்கொடியை "குப்பை"ன்னு வாரித் தள்ளாதீங்க, அது மணலையும் பிடிச்சு வைக்குது, ஊதாப் பூவுல வண்டும் தேனீயும் வருது. காரங்காடு மாதிரி அலையாத்தி இருக்குற ஊர்க்காரங்க குடுத்து வச்சவங்க, அந்தப் பூவுல தேன் நல்லா சுரக்கும்.

இப்ப கருவை விஷயம். சீமைக்கருவை நிலத்தடித் தண்ணிக்கும் கண்மாய்க்கும் பண்ணுன கெடுதலை நான் இல்லன்னு சொல்லல, 2017ல மதுரை ஐகோர்ட் கிளை உத்தரவு போட்டு மாவட்டம் பூரா வெட்டுனதும் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். ஆனா வறண்ட காலத்துல நம்ம பக்கத்துத் தேனீக்குப் பெரிய சோத்துப்பானையா இருக்குறதும் அந்தக் கருவைப் பூதான், கொம்புத்தேனீ கூடு கட்டுறதும் அதுலதான். அதனால வெட்டணும்னா ஒரே மூச்சுல மொட்டையடிக்காம பாதிப் பாதியா வெட்டுங்க, வெட்டுன எடத்துல அதே மழைக்கு உடை, புங்கை, இலந்தைன்னு ஏதாவது ஊனி, அது பூக்குற அளவுக்கு வந்ததும் மீதியை எடுங்க. கரி மூட்டம் போடுறவங்ககிட்டயும் ஒரு வார்த்தை, அடை தொங்குற மரத்தை ஒரு சீசன் மட்டும் விட்டு வையுங்கண்ணே, ஒரு மரத்துக் கரியில பெரிய நட்டம் வந்துராது.

தண்ணி

கூட்டுக்குள்ள புழு இருக்குற எடம் 35 டிகிரி பக்கத்துலயே இருக்கணும். வெளிய நம்ம வெயில் 38, 39ன்னு போகும்போது தேனீங்க தண்ணியைத் தூக்கிட்டு வந்து அடை மேல சொட்டுச் சொட்டா வச்சு, ரெக்கையால விசிறி, அந்த ஈரம் ஆவியாகுறதுல கூட்டைக் குளிர வைக்கும். தேன் சேக்குறதை விட்டுட்டு நாள் பூரா தண்ணி சுமக்குற கூட்டம் எல்லாம் இருக்கு. டீக்கடை டம்ளர்லயும் ஜூஸ் கடையிலயும் வந்து மொய்க்கிறதுக்குப் பாதிக் காரணம் தாகம்தான்.

நமக்கே குடிதண்ணியைக் குடம் காசு குடுத்து வாங்குற ஊருங்க நெறைய இருக்கு, தெரியும். ஒரு சொம்பு போதும். அகலமான மண்சட்டி, தொட்டிக்கு வைக்கிற மண் தட்டு இருந்தாக்கூடப் போதும், அதுல கூழாங்கல்லோ தேங்காய் நாரோ ஓட்டுத் துண்டோ போட்டு, கல்லு பாதி மூழ்குற அளவுக்குத் தண்ணி ஊத்தி நிழல்ல வையுங்க. கல்லு இல்லன்னா தேனீ விழுந்து செத்துப்போகும், நெறையப் பேர் இதைத்தான் விட்டுடுறாங்க. லேசா சவரு தட்டுன கிணத்துத் தண்ணின்னா பரவாயில்ல, கொஞ்சம் உப்பு அதுக்குப் பிடிக்கத்தான் செய்யும், ஆனா வாயில வைக்க முடியாத அளவுக்குக் கரிக்கிற தண்ணி வேணாம். ரெண்டு நாளைக்கு ஒருக்கா கொட்டித் தேய்ச்சுட்டு மாத்துங்க, இல்லன்னா கொசு முட்டை வச்சிரும். ஒரு எடத்துல வச்சா அதே எடத்துல வையுங்க, தேனீ வழி பழகிரும். ஒரு நாள் வச்சு ரெண்டு நாள் மறக்குறதா இருந்தா சித்திரையில ரொம்பப் பாவம்.

இதோட சேத்து பனையேறுறவங்களுக்கு. பாளை சீவி கலயம் கட்டுற சீசன்ல பதனி வாசத்துக்குத் தேனீ கலயத்துக்குள்ள எறங்கி மெதந்துக்கிட்டு கிடக்கும். கலயத்து வாயில கொசுவலைத் துண்டை பாளையோட சேத்துக் கட்டிட்டா தேனீயும் பொழைக்கும், பதனியும் வடிகட்டுற வேலை இல்லாம சுத்தமா இருக்கும்.

மருந்து அடிக்கிறது

இதைத்தான் நான் ரொம்ப வற்புறுத்திச் சொல்லுவேன், மத்தது எல்லாம் பண்ணிட்டு இதை விட்டா பிரயோஜனமே இல்ல.

மொளகாயில இலைப்பேன் வந்து இலை சுருண்ட உடனே கடையில போய் நிக்கிறோம், குடுக்குறதை வாங்கிட்டு வந்து காலையில 7 மணிக்கு டேங்க்கை மாட்டிக்கிட்டு எறங்குறோம். அந்த நேரம்தான் பூ விரிஞ்சு தேனீ மும்முரமா வேலை பாக்குற நேரம். மருந்து அடிக்கத்தான் வேணும்னா சாயங்காலம் 6 மணிக்கு மேல, தேனீ கூட்டுக்குத் திரும்புனதுக்கு அப்புறம், காத்து அடங்குனதும் அடிங்க. காலையில காத்துல பாதி மருந்து பக்கத்துக் காட்டுக்குத்தான் போகும், சாயங்காலம்னா செடியிலயே நிக்கும், உங்களுக்கும் காசு மிச்சம். முழுப்பூவுல இருக்குற நாள்ல முடிஞ்ச வரைக்கும் தள்ளிப் போடுங்க. தூவுற பவுடர் மருந்தைத் தொடவே தொடாதீங்க, மகரந்தம் மாதிரியே கால்ல ஒட்டிக்கிட்டு கூட்டுக்குள்ள போய் புழுவுக்கு ஊட்டுற சாப்பாட்டுல கலந்துரும்.

டப்பாவுல இருக்குற முக்கோணத்தைப் பாத்து ஏமாறாதீங்க. சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சைன்னு இருக்குறது மனுசனுக்கும் ஆடு மாட்டுக்கும் எவ்வளவு விஷம்ங்கிற கணக்கு. பச்சைன்னா தேனீக்கு ஒண்ணும் ஆகாதுன்னு அர்த்தம் கிடையாது. இமிடாகுளோபிரிட், தயோமீத்தாக்சம் ரெண்டும் செடிக்குள்ள ஊடுருவிப் பாயுற ரகம், இலையில அடிச்சாலும் விதையில கலந்தாலும் பூவோட தேன்லயும் மகரந்தத்துலயும் கொஞ்சம் வந்துரும். சாகாத அளவு குடிச்ச தேனீகூட வழி தெரியாம கூட்டுக்குத் திரும்பாமலே போயிரும். ஐரோப்பாவுல 2018ல இந்த ரெண்டையும் க்ளோதியானிடினையும் வெளியில திறந்த காட்டுல பயன்படுத்தக் கூடாதுன்னு நிறுத்திட்டாங்க. நம்ம கடையில கேட்ட உடனே குடுப்பாங்க, அதனால நாமதான் பாத்துக்கணும்.

அதுக்கு முன்னாடி செய்ய வேண்டியது வேப்பங்கொட்டைக் கரைசல். ஆனி ஆடியில மரத்தடியில கொட்டிக் கிடக்குற வேப்பம்பழத்தைப் பொறுக்கி, சதையைக் கழுவி, நிழல்ல ஒணத்தி வச்சுக்கோங்க. 10 லிட்டர் டேங்க்குக்கு அரைக் கிலோ பருப்பை இடிச்சு, துணியில கட்டி, ஒரு லிட்டர் தண்ணியில ராத்திரி பூரா ஊற வச்சு, காலையில நல்லாப் பிழிஞ்சு வடிகட்டி அப்படியே நிழல்ல மூடி வச்சிருந்து, சாயங்காலம் 10 லிட்டர் ஆக்கி, 20 கிராம் காதி சோப்பைக் கரைச்சு ஊத்தி அடிக்கணும். இதையும் சாயங்காலம்தான், பகல்ல வெயில்ல இதுக்கு வீரியம் போயிரும். அதோட காட்டுல பூச்சி ஒட்டிக்கிற நீல அட்டை நாலஞ்சு நட்டு வையுங்க, இலைப்பேன் நீலத்துக்கு வரும், வெள்ளை ஈ மஞ்சளுக்கு வரும். அட்டையைச் செடி உசரத்துக்கு வையுங்க, தேனீ அதுல ஒட்டுதான்னு ஒரு கண்ணு வச்சுக்கோங்க, ஒட்டுச்சுன்னா பூக்குற நாள்ல எடுத்துருங்க.

பக்கத்துக் காட்டுக்காரர் பெட்டி வச்சிருந்தா முதல் நாளே ஒரு போன் போட்டுச் சொல்லிடுங்க, "மாமா நாளைக்குச் சாயங்காலம் அடிக்கிறேன்"னு சொன்னா அவர் மறுநாள் காலையில கொஞ்ச நேரம் வாசலைக் கம்பிவலை வச்சு மூடி, மேல ஈரச்சாக்கு போட்டு வச்சிருப்பார். டேங்க் கழுவுன தண்ணியை ஊருணியிலயோ வாய்க்கால்லயோ கொட்டவே கூடாது, தேனீ தண்ணி குடிக்கிறதே அங்கதான், ஆடு மாடும் அங்கதான்.

வீட்டுல கூடு கட்டுனா

பாதிப் பேர் தீப்பந்தத்தோட வந்துடுறாங்க. முதல்ல அது கூடா, வெறும் கூட்டமான்னு பாருங்க. அடை இல்லாம கொத்தா ஒரு கொம்புலயோ ஜன்னல்லயோ தொங்குனா அது எடம் தேடிப் போற வழியில எளப்பாறுற கூட்டம், பெரும்பாலும் ஒண்ணு ரெண்டு நாள்ல தானாப் போயிரும், அந்த நேரம் சாதுவாவும் இருக்கும். கொம்புத்தேனீயும் கொசுத்தேனீயும் இருந்துட்டுப் போகட்டும். இந்தியத் தேனீ செவத்துல இருந்தா பெட்டி வளக்குறவங்களைக் கூப்பிடுங்க, சந்தோசமா எடுத்துட்டுப் போவாங்க.

மலைத்தேனீக்கு மட்டும் மரியாதையா ஒதுங்கணும். ஸ்கூல், ஆஸ்பத்திரி, கோயில் வாசல் மாதிரி ஆள் பொழங்குற எடத்துல கட்டுனா தீயணைப்புத் துறைக்கோ தேன் எடுக்கத் தெரிஞ்சவங்களுக்கோ சொல்லுங்க, நீங்களே கல்லு விட்டு, வேட்டு போட்டு, அடியில குப்பையைக் கொளுத்திப் பாக்காதீங்க. அடை மேல அலை அலையா ஒரு நெளிவு ஓடும், குளவி கிட்ட வந்தா மெரட்டுறதுக்குப் பண்றது, அதைக் கண்டா நீங்களும் ரொம்பக் கிட்டக்க வந்துட்டீங்கன்னு வச்சுக்கோங்க.

தொரத்துனா முகத்தை மூடிக்கிட்டு நேரா ஓடி வீட்டுக்குள்ளயோ வண்டிக்குள்ளயோ போய்க் கதவைச் சாத்துங்க. கையை வீசி அடிக்காதீங்க, தண்ணிக்குள்ள குதிக்காதீங்க, மேல சுத்திக்கிட்டு காத்திருக்கும். கொட்டுன முள்ளை உடனே நகத்தால வழிச்சு எடுங்க, எப்படி எடுக்குறோம்ங்கிறதை விட எவ்வளவு சீக்கிரம் எடுக்குறோம்ங்கிறதுதான் முக்கியம், முள்ளு ஒடம்புல இருக்குற வரைக்கும் விஷம் எறங்கிக்கிட்டே இருக்கும், அந்த வாடைக்கு மத்ததுங்களும் வந்து அங்கேயே கொட்டும். ஒண்ணு ரெண்டு கொட்டுனதுக்கே மூச்சு முட்டுது, ஒதடு நாக்கு வீங்குது, தலை சுத்துதுன்னா மஞ்சள் சுண்ணாம்பு எல்லாம் வச்சுப் பாக்காம உடனே 108. நெறையக் கொட்டியிருந்தாலும் அப்படித்தான்.

சரி, இப்ப பெட்டி

மேல சொன்னதெல்லாம் ஒரு வருசம் பண்ணிட்டு, கச்சான் மாசத்துலயும் உங்க கொல்லையில தேனீ வந்து போறதைப் பாத்துட்டீங்கன்னா அப்ப பெட்டி வைக்கலாம். நம்ம பக்கத்துக்கு இந்தியத் தேனீதான், இத்தாலியத் தேனீ வேணாம், அதுக்குக் கண்ணுக்கெட்டுன தூரம் பூ வேணும், பூவைத் தேடி லாரியில ஏத்திக்கிட்டு ஊர் ஊராப் போறவங்களுக்குத்தான் அது சரி. 1911 வாக்குல திருச்சிப் பக்கம் நியூட்டன்னு ஒரு பாதிரியார் இந்தியத் தேனீக்குன்னே செஞ்ச சின்னப் பெட்டிதான் நியூட்டன் பெட்டி, இன்னைக்கும் அதுவும் மார்த்தாண்டம் பெட்டியும்தான் தமிழ்நாட்டுல ஓடுது. மார்த்தாண்டத்துலேருந்து கூட்டத்தோட வாங்கிட்டு வரலாம்தான், ஆனா அங்க ரப்பர் எளந்தளிர்லேருந்தே தேன் சுரக்கும், மழையும் அதிகம், அங்க வளந்த கூட்டத்தைக் கொண்டாந்து நம்ம பொட்டல்ல வச்சா தெவங்கிப் போகும். என்னைக் கேட்டா நம்ம ஊர்க் கூட்டத்தையே பிடிக்கிறது நல்லது. பழைய மண்பானை உள்ள தேன்மெழுகைத் தேய்ச்சு, தை மாசிக்கு மேல நிழலான மரக்கவட்டையில வாய் கீழ் பாக்கக் கட்டி வைங்க, கூட்டம் பிரியுற நேரத்துல தானா வந்து குடியேறும், அப்புறம் பெட்டிக்கு மாத்திக்கலாம்.

வாசல் கிழக்கோ தென்கிழக்கோ பாத்து இருக்கட்டும், மேற்குலயும் தென்மேற்குலயும் ஓலைத்தட்டியோ செடி வேலியோ கட்டி கச்சானை மறைச்சிருங்க. உச்சி வெயில் படாத நிழல் கட்டாயம், வெயில்ல மெழுகு எளகி அடையே அறுந்து விழுந்துரும். ஸ்டாண்டு நாலு காலுக்கும் தண்ணிக் கிண்ணம், எறும்புக்கு. நம்ம வெயில்ல அந்தத் தண்ணி சீக்கிரமே வத்திரும், வத்துன ராத்திரியே எறும்பு ஏறும், தினமும் ஒரு பார்வை பாத்துருங்க. வாரத்துக்கு ஒருக்கா தொறந்து அடிப்பலகையைக் கூட்டி, வெள்ளை நூல் மாதிரி மெழுகுப் புழு கட்டியிருந்தா அந்த அடையை எடுத்துருங்க. தொறக்கும்போது காஞ்ச தேங்காய் மட்டைப் புகை கொஞ்சமா. பஞ்சுருட்டான் குருவி கம்பியில உக்காந்து தேனீயைப் பிடிச்சுத் திங்கும், அதை விரட்ட வேணாம், நல்ல கூட்டத்துக்கு அது ஒரு பெரிய நட்டமே இல்ல.

ஆனி ஆடியில பூ இல்லாதப்ப ஒரு கிலோ சீனிக்கு ஒரு லிட்டர் தண்ணி கணக்குல காய்ச்சி ஆற வச்சு, குச்சி போட்ட கிண்ணத்துல ஊத்தி, பொழுது சாஞ்சதும் பெட்டிக்குள்ள வைங்க. பகல்ல வச்சா வேற கூட்டத்துத் தேனீ திருட வந்து சண்டையில ரெண்டு பக்கமும் சாகும். கருப்பட்டி வெல்லம் கரைச்சு வைக்காதீங்க, வயித்தால போகும். புழு பை மாதிரி ஊதி, நிமிந்த வாக்குல செத்துக் கிடந்தா அது தாய் சாக் புரூட்ங்கிற வைரஸ் நோய், 1990கள் ஆரம்பத்துல தென்னிந்தியாவுல முக்கால்வாசிக்கு மேல இந்தியத் தேனீக் கூட்டத்தை அழிச்சது அதுதான். அதுக்கு மருந்து கிடையாது. அந்தப் பெட்டிச் சட்டத்தை வேற பெட்டிக்கு மாத்தாம தனியா வச்சுட்டு, தெரிஞ்சவங்களைக் கேளுங்க. ராமநாதபுரத்துல வேளாண் அறிவியல் நிலையமும் கடலோர உவர் ஆராய்ச்சி மையமும் இருக்கு, கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்துல பூச்சியியல் துறையில தேனீப் பயிற்சியும் தர்றாங்க, பெட்டி வாங்குறதுக்கு முன்னாடி அந்தப் பயிற்சிக்கு ஒரு தடவை போயிட்டு வந்துருங்க.

தேன் எடுக்குறது பங்குனி சித்திரையில, மேல் அறையில இருக்குறதை மட்டும், அதுலயும் மெழுகு மூடி போட்ட அடையா பாத்து. கடற்கரைக் காத்துல ஈரம் அதிகம், மூடாத தேன்ல தண்ணி நெறைய இருக்கும், ரெண்டு மாசத்துல நொரைச்சுப் புளிச்சிரும். தேன்ல ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாதுன்னு உணவுத் தரக் கணக்கே இருக்கு. கீழ் அறையில இருக்குறது அதுங்களோட சாப்பாடு, வைகாசிக்கு மேல வரப்போற காத்து காலத்துக்குன்னு சேத்து வச்சது, அதுல கை வைக்காதீங்க. எடுத்த தேனைக் கண்ணாடிப் பாட்டில்ல இறுக்க மூடி வைங்க, தொறந்து வச்சா காத்துல இருக்குற ஈரத்தை இழுத்துக்கும். தண்ணியில விட்டுப் பாக்குறது, பேப்பர்ல கொளுத்திப் பாக்குறது எதுவும் சுத்தத் தேனுக்குச் சோதனை கிடையாது. சேனை வைக்கிறோம்னு பச்சப் புள்ள நாக்குல தேனைத் தொட்டு வைக்கிற பழக்கம் மட்டும் வேணாம், ஒரு வயசு முடியாத கொழந்தைக்கு எவ்வளவு நல்ல தேனா இருந்தாலும் குடுக்கக் கூடாது, அதுல இருக்கக்கூடிய ஒரு கிருமி அந்த வயசு வயித்துல வளந்து விஷத்தை உண்டாக்கிரும்.